மரங்களைத் தடுத்து நிறுத்திய வரையாடு

மலையின் கீழ்ப்பாதி சோலைக்காடு, மேல்பாதி புல்வெளி. இரண்டும் சந்திக்கிற இடத்தில் யாரோ கோடு போட்டு வெட்டிவிட்ட மாதிரி மரங்கள் சட்டென்று நின்றுவிடும். கோட்டுக்குக் கீழே கருமந்திகள் வாழ்ந்தார்கள். மேலே வரையாடுகள் வாழ்ந்தார்கள். மரங்கள் ஏன் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன என்று கருமந்திகள் யோசித்ததே இல்லை. வரையாடுகளுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும். காரணத்தின் பெயர் கோட்டைச்சாமி.

கோட்டைச்சாமி மந்தையிலேயே மூத்த கடா. முதுகில் வெள்ளிப் பட்டை விழுந்தவர். எல்லைக்காரர் என்று அவருக்குப் பட்டம். மரங்கள் மேலே ஏறி வந்து புல்வெளியை விழுங்கிவிடாமல் தடுத்து நிறுத்துவது அவர் வேலை. அவருடைய அப்பாவும் அதே வேலையைத்தான் பார்த்தார். தினமும் காலையில் கோட்டைச்சாமி எல்லைக்குப் போவார். மூக்கை விடைத்துச் செருமுவார். முன்னங்காலால் தரையைத் தட்டுவார். மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதற்காக மந்தை அவருக்குச் செய்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. மழை நின்று புதுப்புல் தலைகாட்டும்போது முதல் வாய் அவருக்கு. உப்புக் கசியும் பாறையை முதலில் நக்குவதும் அவர்தான். அவர் நக்கி முடித்துத் தலையைத் தூக்கும்வரை மற்றவர்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு கடாக்கள் முட்டிக்கொண்டால் அவர் வந்து சொன்னதுதான் தீர்ப்பு.

மாசி பிறந்ததும் அவர் மந்தையை அழைத்துக்கொண்டு எல்லைக்குப் போவார். மழைக்காலத்தில் புல்லுக்குள் முளைத்த மரக்கன்றுகள் எல்லாம் நுனி கருகிச் செத்துக் கிடக்கும். கோட்டைச்சாமி அவற்றைக் கொம்பால் சுட்டிக்காட்டி, தன் மூச்சு பட்ட இடம் இப்படித்தான் ஆகும் என்பார். குட்டிகள் அவருடைய மூக்கைப் பயத்தோடு பார்க்கும்.

புல்வெளிக்கு நடுவே ஒற்றையாக ஒரு காட்டுப் பூவரசு மட்டும் நின்றது. எந்தக் குளிருக்கும் அசையாத முரட்டு மரம். வருஷா வருஷம் சிவப்பாகப் பூத்துத் தள்ளும். இது மட்டும் எப்படித் தப்பியது என்று ஒரு குட்டி ஒருமுறை கேட்டுவிட்டது. தப்பவில்லை, வெயிலுக்கு ஒதுங்க ஒன்று இருக்கட்டும் என்று தான்தான் விட்டுவைத்தது என்றார் கோட்டைச்சாமி. அன்று முதல் அந்த நிழலில் படுப்பதற்கு முன்னால் எல்லோரும் அவர் இருக்கிற பக்கம் பார்த்துத் தலையைத் தாழ்த்தத் தொடங்கினார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மாசியில் அவரே கூட்டிப்போகிற நாளைத் தவிர, அவர் வேலை செய்யும் இடத்துக்கு வேறு யாரும் வரக்கூடாது. பழகாத குளம்பு பட்டால் மரத்துக்கு ரோஷம் வந்து இரண்டு மடங்கு வளர்ந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையான காரணம் வேறு. அவர் அங்கே எந்த வேலையும் செய்வதில்லை.

அதற்காக அவரை முழுப் பொய்யர் என்றும் சொல்லிவிட முடியாது. பட்டத்துக்கு வந்த புதிதில் அவர் உயிரைக் கொடுத்து உழைத்தவர். மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தொண்டை வறளச் செருமியபடி நடப்பார். பிறகு ஒரு மார்கழியில் பாறையிலிருந்து சறுக்கிக் கால் பிசகிவிட்டது. தை முடியும்வரை படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. தான் இல்லாத நேரத்தில் காடு உச்சிக்கே வந்திருக்கும் என்று பயந்துகொண்டே நொண்டி நொண்டிப் போய்ப் பார்த்தார். ஒரு கன்றும் பிழைத்திருக்கவில்லை. எல்லாம் வழக்கம்போலவே கருகிக் கிடந்தன. சொல்லப்போனால், வழக்கத்தைவிட நன்றாகவே கருகியிருந்தன.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில்தான் அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். மேகமில்லாத இரவுகள் விடியும்போது புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கன்றுகளின் இலைகள் விறைத்து நின்றன. வெயில் ஏறியதும் அதே இலைகள் துவண்டு, கறுத்து, தொங்கிவிட்டன. பெரிய மரங்களின் அடியில் முளைத்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைக்கு மேல் கிளையும் இலையும் கூரையாக இருந்ததால் பனி உள்ளே இறங்கவில்லை. கூரையை விட்டு வெளியே வந்தவை மட்டும் செத்தன. அதற்கு மேலே போகப் போகக் குளிர் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆக, கோட்டைக் கிழித்தது குளிர். கோட்டைச்சாமியும் இல்லை, அவருடைய அப்பாவும் இல்லை.

இதை மந்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று மேலே ஏறி வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் உப்புப் பாறையில் நின்றவர்கள் எல்லாம் விலகி இடம் விட்டார்கள். போன வருஷம் கால் பிசகிக் கிடந்தபோதுகூடப் படுத்த இடத்திலிருந்தே மரங்களை நிறுத்தினாராமே என்று ஒருவருக்கொருவர் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். உப்பு நாக்கில் பட்டது. சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது.

அதன் பிறகு எல்லாம் வசதியாகப் போயிற்று. காலையில் எல்லைக்குப் போய், மேலே இருப்பவர்கள் காதில் விழும்படி செருமிவிட்டு, வெயில் படுகிற ஒரு தட்டைப் பாறையில் படுத்து அசைபோடுவார். மாலையில் களைத்த நடை நடந்து திரும்புவார். களைத்த நடைக்குத்தான் கொஞ்சம் பயிற்சி தேவைப்பட்டது.

பல வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு வருஷம் குளிர் வரவில்லை.

மார்கழி வந்தது, மேகமும் கூடவே வந்தது. இரவெல்லாம் மலைமேல் கம்பளியாக மூடிக் கிடந்தது. விடிந்து பார்த்தால் புல் நனைந்திருந்ததே தவிர வெளுத்திருக்கவில்லை. தையும் பிறந்தது. கொண்டைக்குருவிகள் பழம் தின்று எச்சத்தில் போட்ட விதைகளெல்லாம் முளைத்துப் பச்சைப் பசேலென்று நின்றன. கோட்டைச்சாமி தினமும் வானத்தை அண்ணாந்து பார்த்தார். வேலையாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட வீட்டு எசமானைப் போல அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

வெகு காலத்துக்குப் பிறகு உண்மையிலேயே வேலை செய்து பார்த்தார். நெஞ்சு வலிக்கச் செருமினார். கன்றுகள் அந்தக் காற்றில் கொஞ்சம் ஆடிவிட்டு மறுபடி நிமிர்ந்தன. ஒன்றைக் குளம்பால் மிதித்தார். இளந்தண்டு, பட்டென்று ஒடிந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னும் சிலவற்றை மிதித்தார். அவையும் ஒடிந்தன. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் சரிவு நெடுகக் கன்றுகள். ஒரு கிழக்கடாவின் நான்கு குளம்புகளுக்கு ஆகிற காரியமாக அது தெரியவில்லை.

மாசி வந்தபோது மந்தையை எல்லைக்கு அழைத்துப் போகவில்லை. இந்த வருஷம் மரங்கள் முரண்டு பிடிக்கின்றன, வேலை முடியவில்லை என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்கள்.

அன்னக்காமு மட்டும் ஒரு மாலை அவர் திரும்பி வரும் வழியில் காத்திருந்தாள். அவள் அந்த வருஷம் முதல் குட்டி போட்டவள். கண் கூர்மையானவள், மேட்டிலிருந்து பார்த்தே கீழே நடப்பதைச் சொல்லிவிடுவாள்.

"மாமா, எல்லையில பச்சையா நிக்குதே, அது மரக்கன்னுதானே?"

ஆமாம், இந்த வருஷம் அவற்றுக்குக் கொழுப்பு கூடிப்போயிற்று என்றார் கோட்டைச்சாமி.

"இளங்கன்னுதானே மாமா. நாம அத்தனை பேரும் இறங்கிக் குறுக்கும் நெடுக்குமா ஓடினா மண்ணோட மண்ணாப் போயிரும். குட்டிகளுக்கும் விளையாட்டா இருக்கும்."

அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். அவரே தன் குளம்பால் ஒடித்துப் பார்த்திருந்தாரே. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புல்வெளி தப்பிவிடும். ஆனால் ஊர்க்குளம்பே மரத்தை நிறுத்திவிடும் என்றால் எல்லைக்காரர் எதற்கு? மறுநாள் உப்புப் பாறையில் அவர் எந்த இடத்தில் நிற்பது?

"பழகாத குளம்பு படக்கூடாது தாயி," என்றார். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவளிடம் அதற்குப் பதில் இல்லை. அவரிடமும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் அவர் என்பதால் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் அவர் மந்தையைக் கூட்டி, மரங்களின் பலம் கூடியிருப்பதால் தன் பலமும் கூட வேண்டும் என்று விளக்கினார். மந்தை கலந்து பேசி உப்புப் பாறையை முழுசாகவே அவருக்கு விட்டுக்கொடுத்தது. ஆபத்து பெருகும்போது காவல்காரருக்குப் பெருகச் செய்வதுதானே முறை.

அடுத்த மார்கழியும் மேகத்தோடு வந்து மேகத்தோடு போயிற்று. அதற்கடுத்ததும் அப்படியே. முட்டியளவு இருந்த கன்றுகள் தோளுக்கு வந்தன, தோளைத் தாண்டின. நடுவே புதர் அடைத்தது. கோட்டைச்சாமி படுக்கிற தட்டைப் பாறை காட்டுக்குள்ளே போய்விட்டது. வெயில் படவில்லை என்று அவர் கொஞ்சம் தள்ளி வேறு பாறை பார்த்துக்கொண்டார்.

கருமந்திகள் புதுத் தளிர் தின்ன மேலே வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய தலைவன் சடையன் ஒரு நாள் கிளையிலிருந்து கோட்டைச்சாமியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். எங்கள் அப்பன் காலத்தில் இங்கே ஒதுங்க நிழல் கிடையாது, உங்கள் காலத்தில்தான் காடு செழித்திருக்கிறது, புண்ணியவான் நீங்கள் என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கோட்டைச்சாமிக்கு அதிகமாக உறைத்தது.

ஆனால் அந்தப் பேச்சிலேயே அவருக்கு ஒரு வழியும் கிடைத்தது. கருமந்திகள் திருட்டுத்தனமாக மரம் நடுகிறார்கள் என்று மேலே போய்ச் சொன்னார். மந்தைக்கு இது பிடித்துப்போயிற்று. கண்ணால் பார்க்கக்கூடிய எதிரி ஒருவன் கிடைத்தால் மனசுக்கு எவ்வளவோ தெம்பு. அன்று முதல் தினமும் காலையில் வரிசையாகப் பாறைமேல் நின்று கீழே பார்த்துச் செருமினார்கள். கருமந்திகள் அண்ணாந்து பார்த்து முதுகைச் சொறிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் சடையன், எங்களுக்குத் தின்னத்தான் தெரியும், நடுகிற வேலையெல்லாம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்று சொல்லி அனுப்பினான். மந்தை நம்பவில்லை. நட்டவன் நட்டேன் என்றா சொல்வான்?

இந்தச் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது கீழ்க்காட்டிலிருந்து சிறுத்தை மேலே வந்தது.

வரையாட்டுக்கு வெட்டவெளிதான் பாதுகாப்பு. திறந்த புல்லில் எது வந்தாலும் தொலைவிலேயே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நாலு தாவலில் செங்குத்துப் பாறைக்கு ஏறிவிடலாம். இப்போது மேய்ச்சல் தரைக்குப் பக்கத்திலேயே பதுங்கக் காடு இருந்தது. ஒரு மூடுபனிக் காலையில் அன்னக்காமுவின் அந்த வருஷத்துக் குட்டி, தும்பியைத் துரத்திக்கொண்டு புதரோரம் போயிற்று. பிறகு, ஆபத்தைக் கண்ட வரையாடு எழுப்பும் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. மந்தை முழுக்கப் பாறைக்கு ஓடியது. ஓடி ஏறிய பிறகுதான் யார் இல்லை என்று பார்த்தார்கள்.

கோட்டைச்சாமி எல்லையில், தன் புதுப் பாறைமேல் இருந்தார். சிறுத்தை குட்டியைக் கவ்விக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே கீழே இறங்கிப் போனது. குட்டியின் கால் ஒன்று புல்லில் உரசிக்கொண்டே போனது. சிறுத்தை அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் எழுந்து நின்றார். செருமக்கூட முடியவில்லை. சிறுத்தை போன பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அவர் மேலே வந்தபோது மந்தை கூடியிருந்தது. யாரும் வழி விட விலகவில்லை. ஆளாளுக்கு ஏதோ கேட்டார்கள். அன்னக்காமு முன்னால் வந்ததும் மற்றவர்கள் அடங்கினார்கள். அவள் அழவில்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மரத்தை நிறுத்துறது உங்களால ஆகுமா, ஆகாதா?"

கோட்டைச்சாமி இரண்டு பதிலையும் மனசுக்குள் வைத்துப் பார்த்தார். ஆகும் என்றால், ஆகிறவர் ஏன் நிறுத்தவில்லை? ஆகாது என்றால், இத்தனை வருஷம் தின்றது எதற்கு? மூன்றாவதாக ஒரு பதிலைத் தேட அவருக்குப் பழக்கம் உண்டு. ஆனால் புல்லில் உரசிப்போன அந்தக் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"ஆகாது தாயி," என்றார். "எப்பவுமே ஆனதில்ல. நிறுத்துனது பனி. இப்ப பனி விழறதில்ல, அதான் ஏறி வருது. அன்னிக்கு எல்லாரும் மிதிச்சிரலாம்னு நீ சொன்ன பாரு, அதுதான் சரி. தெரிஞ்சேதான் வேண்டாம்னேன்."

பிறகு வைரவன் பேசினான். அவன் நடுவயதுக் கடா. நல்ல கனத்த குரல்.

"பனி போய் மரத்தைக் கொல்லுமா? அப்ப இத்தனை வருஷமா நாம எல்லாரும் முட்டாளா? மந்திககிட்ட விலைபோயிட்டு, அதை மறைக்கக் கதை கட்டுறாரு."

மந்தைக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கோட்டைச்சாமி சொன்னதை நம்பினால், உப்புப் பாறையில் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்ற அத்தனை வருஷமும் வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வைரவன் சொன்னதை நம்பினால் அந்தக் கஷ்டமே இல்லை. மூச்சில் பலம் இருந்தது, பலம் இருந்தவர் துரோகம் செய்தார், அவ்வளவுதான். ஏமாந்தவர்களாக இருப்பதைவிடத் துரோகத்துக்கு ஆளானவர்களாக இருப்பது எவ்வளவோ கௌரவம். ஒரு குரலாக அவரை மந்தையைவிட்டுத் துரத்தினார்கள். பொய் சொன்னவரை அத்தனை காலம் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள், வாய் திறந்து ஒரு உண்மை சொன்ன அன்று கொம்பால் முட்டி வெளியேற்றினார்கள்.

அன்னக்காமு முட்டவில்லை. அவர் சொன்னதை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். நம்பியதால்தான் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் தனியாகக் கீழே இறங்கி மிதிக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்து வேறு சிலரும் இறங்கினார்கள். ஆனால் தண்டுகள் எல்லாம் முற்றி மரமாகிவிட்டிருந்தன. குளம்பு நொந்ததுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் மந்தை அந்தச் சரிவையே விட்டுவிட்டு, கணவாயைக் கடந்து பக்கத்து உச்சிக்குக் குடிபெயர்ந்தது. இன்னும் உயரமான இடம். புல் குட்டை, காற்று முரடு. கோட்டைச்சாமியும் பின்னாலேயே, கண்ணுக்கு எட்டுகிற தூரம் விட்டு, நடந்து போனார். போக அவருக்கும் வேறு இடம் இல்லை.

புது இடத்தில் மந்தை முதல் வேலையாக ஒரு எல்லைக்காரரைத் தேர்ந்தெடுத்தது. வைரவனைத்தான். அவனுடைய செருமல் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. அங்கே உப்புக் கசிகிற பாறை மிகவும் சிறியது. பங்கு போட்டால் யாருக்கும் காணாது என்பதால் முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்த உயரத்துக்கு இன்னும் குளிர் வந்துகொண்டிருந்தது. மார்கழியில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. விடிகாலையில் சரிவெல்லாம் வெள்ளை. மாசியில் வைரவன் மந்தையை அழைத்துப் போய், கருகிக் கிடந்த கன்றுகளைக் காட்டினான். கடைசியில் ஒரு நேர்மையான எல்லைக்காரர் கிடைத்தார் என்று பலருக்குக் கண் கலங்கிவிட்டது. அது பனியின் வேலை என்று அன்னக்காமு சொல்லிப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், ஏதோ பேசுகிறாள் என்று பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார்கள்.

ஆனால் பனி எல்லாவற்றையும் கொன்றுவிடவில்லை. பாறை இடுக்குகளில், பெரிய கற்களின் மறைவில், பனி விழாத மூலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்றுகள் பிழைத்து நின்றன. சரிவின் கீழ்க்கோடியில் ஒரு கிழக்கடா தினமும் காலையில் அவற்றைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டிருந்தது. அவர் செருமவில்லை. மூச்சு வாங்கியது; அது வேறு.

ஒரு நாள் அவர் நிமிர்ந்தபோது அன்னக்காமு எதிரே நின்றாள். வெகுநேரம் அவருடைய குளம்புகளையே பார்த்தாள். ஓரம் தேய்ந்து பிளந்திருந்தன. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதைக் கேட்க வரவில்லை.

"அந்தப் பெரிய பாறைக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் நிக்குது," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போனார். அவள் இந்தக் கோடியிலிருந்து மிதிக்கத் தொடங்கினாள். மேலே வைரவனின் செருமல் மலையே அதிரும்படி கேட்டது. அதைத் தொடர்ந்து மந்தை அவனைப் புகழ்கிற சத்தமும் கேட்டது. இரண்டு பேரும் நிமிரவில்லை.

வானமும் குளிரும் செய்கிற வேலைக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்பவன், அவை கைவிடுகிற நாளில் தன் பெயரை மட்டுமல்ல, தன்னை நம்பி மேய்ந்தவர்களின் குட்டியையும் சேர்த்தே பறிகொடுப்பான்.